வயிற்றுக்கு நாட்டு மருந்தா? அதற்கும் ஒரு பெரட்டு எடுங்கள்

மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றி, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பற்றி, சொல்லத் தேவையில்லை. இருட்டு விலகுமுன் களத்தில் எல்லாரும் நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த மர நிரை என்று எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறிவிடும். சம்பளத் தகராறு வந்தால் அதுதான் பேசும். வயிற்றுக்கென்று நாம் விழுங்குகிற பொடிக்கும் கசாயத்துக்கும் மட்டும் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. "நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடையில் 18 வருடம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். நாட்டு மருந்துக்கு நான் எதிரி இல்லை. வயிறு உப்பினால் நானும் ஓமத்தைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். ஆனால் வேலை செய்கிற எந்த மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. அதை வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது, எப்போது நிறுத்துவது, யாரிடம் சொல்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் என் பெரியம்மாவின் நோட்டுப் புத்தகம்.

செருப்பு இறுகிய கதை

பெரியம்மா 30 வருடம் பால்மரம் வெட்டியவர். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று நீர் பிரியச் செய்வது, வீட்டில் அதற்குத் தண்ணி மாத்திரை என்று பேர். நெஞ்செரிச்சல் தாங்காமல், யாரோ சொன்னார்கள் என்று அதிமதுரக் கட்டையைத் தட்டிப் போட்டுக் காலையும் மாலையும் கசாயம் குடிக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. பேரனின் பழைய பள்ளி நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "குடிங்க பெரியம்மா, ஆனா தினமும் இதுல எழுதிடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். அதிலிருந்து மூன்று வரிகள்:

"3-ஆம் தேதி. கசாயம் 2 தடவை. எரிச்சல் இருக்கு. பிரஷர் 138/82."

"24-ஆம் தேதி. எரிச்சல் இல்ல. செருப்பு இறுக்கமா இருக்கு. பிரஷர் 152/88."

"9-ஆம் தேதி. கால் ரெண்டும் அசதி. கோயில் படி ஏற முடியல. பிரஷர் 170/94."

எரிச்சல் நின்றதால் மருந்து வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். நினைத்தது சரிதான். செருப்பை இறுக்கியதும் அதே மருந்துதான். அதிமதுரத்தில் இனிப்பைத் தருவது கிளிசிரைசின் என்ற பொருள். சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. கிளிசிரைசின் அந்த நொதியை மடக்கிவிடும். உடனே உடம்பு, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததுபோல நடந்துகொள்ளும். உப்பும் தண்ணீரும் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். கால் வீங்கும், அழுத்தம் ஏறும், தசை சோரும். முற்றினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தண்ணி மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை என்பதால், பெரியம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஓட்டை. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். அவருக்கு 2.8 இருந்தது.

ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசின் வரை பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்காது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சமையல்கட்டில் அதை எப்படி அளப்பது? வேரில் நூற்றுக்கு நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டாலே 5 கிராம் கட்டையில் 200 மில்லிகிராம் இருக்கும். அத்தனையும் தண்ணீரில் இறங்காது என்றாலும், தினம் இரண்டு தடவை, ஆறு வாரம் என்று கூட்டிப் பாருங்கள்.

டாக்டர் நோட்டைப் புரட்டியதும் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. நோட்டு இல்லாமல் போயிருந்தால் அழுத்த மாத்திரையைக் கூட்டி அனுப்பியிருப்பார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை. "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டபோது பெரியம்மா முதலில் சொன்ன பதில் "இல்லை".

படி 1: உள்ளே போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியில் வரும் மருந்தென்றால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்வது 1992-இல் தொடங்கியது. பதிவான மருந்தின் உறையில் எம்.ஏ.எல். (MAL) என்ற மூன்றெழுத்தும், எட்டு இலக்கமும், அதன் பின்னால் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் டி (T) என்ற எழுத்தும் இருக்கும். சிலவற்றில் டிக்குப் பிறகு இன்னோர் எழுத்தும் சேர்ந்திருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏயின் (NPRA) இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் மருந்தின் பேரும் தயாரிப்பாளர் பேரும் வரவேண்டும். கையில் இருக்கும் பெட்டியோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் மேல் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பளபளக்கும் ஃபார்மாடேக் என்ற பாதுகாப்பு ஒட்டுவில்லை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் சரக்குக்கு இந்த எண்ணெல்லாம் இருக்காது. அங்கே பேர்தான் பிரச்சினை. நிலவேம்பும் நிலாவரையும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல விழும். ஒன்று காய்ச்சலுக்குக் குடிக்கும் கசப்பு, இன்னொன்று வயிற்றை அடித்துப் போகவைக்கும் பேதி இலை. மாற்றி வாங்கிக்கொண்டு போய், விடிய விடிய கழிவறையில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வாங்கியதில் ஒரு சிட்டிகையைத் தனியாக மடித்து, பேர், கடை, தேதி எழுதி வையுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் சோதிக்கக் கையில் சரக்கு இருக்கும்.

இரண்டு வகை மருந்தில் எனக்குச் சந்தேகம் உடனே வரும். முதலாவது, உலோகம் சேர்ந்த பற்பமும் செந்தூரமும். பாரம்பரிய மருந்தில் கிலோவுக்கு ஈயம் 10, ஆர்செனிக் 5, பாதரசம் 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. பயணப் பெட்டியில் துணிக்கிடையே மடித்துக் கொண்டுவரும் பொடியை யார் சோதித்தார்கள்? ஈயம் உடம்பில் சேர்ந்தால் வரும் தொல்லைகளே வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான். வயிறு வலிக்கிறது என்று மருந்து, மருந்தால் வயிற்று வலி, அதற்காக இன்னும் கொஞ்சம் மருந்து. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டால் வெளியே வரவே மாதங்கள் ஆகும்.

இரண்டாவது, வயிறு, மூட்டு, ஆஸ்துமா எல்லாம் மூன்றே நாளில் சரியாகும் என்று கைமாறி வரும் மாத்திரை. பதிவில்லாத இப்படிப்பட்ட சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக என்பிஆர்ஏ பல தடவை எச்சரித்திருக்கிறது. பசி கூடும், முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும். ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்: இதை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சந்தேகம் வந்த அன்றைக்கே சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை மறந்துபோயிருக்கும். மாத்திரையை எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: மருந்துக்கு முந்தைய மூன்று நாள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மருந்து தொடங்கிய பிறகு எழுத ஆரம்பித்தால், அரிப்பும் தலைச்சுற்றலும் முன்பே இருந்தவையா புதிதாக வந்தவையா என்று சொல்லவே முடியாது. முதல் வாய் போடுமுன் மூன்று நாள் சும்மா எழுதுங்கள். வலி எந்த நேரம், சாப்பிடுமுன்னா சாப்பிட்ட பிறகா, வெளிக்குப் போவது எத்தனை தடவை, என்ன நிறம், எடை, ரத்த அழுத்தம், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு சர்க்கரை அளவு. காலை வெளிச்சத்தில் வாசலில் நின்று கண்ணின் வெள்ளைப் பகுதியைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் நிறத்தை மாற்றிக் காட்டும்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிளினிக் மாத்திரைகள் அத்தனையையும் எழுதுங்கள். எழுதும்போதே சிலருக்கு விடை கிடைத்துவிடும். வயிற்றுத் தொல்லையே ஒரு மாத்திரையின் பக்க விளைவாக இருக்கலாம். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும். முட்டி வலிக்கென்று வாங்கி விழுங்கும் வலி மாத்திரை குடலைப் புண்ணாக்கும். முட்டி வலிக்கு ஒரு மாத்திரை, அது உண்டாக்கிய எரிச்சலுக்கு ஒரு கசாயம் என்று வருகிறவர்களைக் கவுண்டரில் வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருப்பேன்.

சில ஜோடிகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். அதிமதுரமும் தண்ணி மாத்திரையும் பற்றிச் சொல்லிவிட்டேன். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்கு அதிமதுரமும் நிலாவரையும் இன்னும் ஆபத்து, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். ரசத்து மிளகைச் சொல்லவில்லை, தினமும் கரண்டிக் கணக்கில் உள்ளே போகும் திரிகடுகத்தைச் சொல்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கேட்காமல் எந்த மூலிகையையும் தொடவேண்டாம்.

கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இந்த வீட்டுக் கண்காணிப்பு போதாது. பச்சைக் குழந்தைக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவது நம் வழக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அதை முன்னிட்டு அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். உரைமருந்தைத் தேனில் குழைப்பதும் உண்டு. ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

படி 3: ஒரு நேரத்தில் ஒரே மருந்து

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். புது கசாயம், புது கிளினிக் மாத்திரை, புது சத்து மாவு மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொன்ன அளவில் பாதியில் தொடங்கி இரண்டு மூன்று நாள் பாருங்கள். அப்புறம், தீபாவளி வாரத்தில் எந்த வயிற்று மருந்தையும் தொடங்காதீர்கள். அந்த வாரம் வயிற்றில் நடப்பதற்கு முறுக்கும் ஆட்டிறைச்சியும்தான் பொறுப்பு.

படி 4: எப்போது எதைப் பார்ப்பது

ஒவ்வாமை என்றால் அநேகமாக முதல் சில மணி நேரத்திலேயே தெரியும். உதடு வீக்கம், தடிப்பு, மூச்சு இழுப்பு. ஆகவே முதல் வேளையைத் தனியாக இருக்கும்போது எடுக்காதீர்கள். படுக்கப் போகுமுன்னும் வேண்டாம்.

பேதி வகைகள் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். நிலாவரை சிறுநீரை மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாற்றும். பலர் இதைப் பார்த்துக் காமாலை என்று பயப்படுகிறார்கள். கண் வெள்ளையாகவே இருந்து, மருந்தை நிறுத்திய ஓரிரு நாளில் நிறம் தெளிந்தால் அது இலையின் சாயம். ஆனால் நிலாவரையை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மாதக்கணக்கில் எடுத்தால் பொட்டாசியம் இறங்கும். திரிபலா என்று எழுதிய சில பொடிகளில் நிலாவரையையும் சேர்க்கிறார்கள், உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து உப்பும் நீரும் பற்றிய கவனம். வாரம் இருமுறை ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அழுத்தம் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை. கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று பாருங்கள். செருப்பு, மோதிரம், வளையல் இறுகுவதும் கணக்கில் சேர்த்தி.

கல்லீரல் பாதிப்பு ஆற அமர வரும். பெரும்பாலும் முதல் வாரம் தாண்டி மூன்று மாதத்துக்குள். பசி மந்தம், குமட்டல், உடம்பு அரிப்பு, கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், கடைசியில் கண் மஞ்சள். முதல் இரண்டும் வயிற்றுக் கோளாறு போலவே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். "வயிறு இன்னும் சரியாகவில்லை" என்று அளவைக் கூட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சமையலில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மஞ்சள் சாற்றை மிளகுச் சாற்றோடு அடைத்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

நோட்டில் தினமும் ஒரு வரி போதும். "நல்லா இருக்கு" என்று எழுதுவது எதற்கும் உதவாது. எத்தனை டம்ளர், எத்தனை தடவை, எந்த நேரம் என்று எண்ணாக எழுதுங்கள். ஒன்றும் ஆகாத நாளில் "ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். வராதவனுக்கும் செக்ரோலில் ஒரு குறி உண்டல்லவா?

படி 5: நிறுத்தும் நேரம்

கண் மஞ்சள், தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி, கொப்புளத்தோடு தடிப்பு, சிறுநீர் மிகவும் குறைந்துபோவது, கால் கை தசை சோர்வு, படபடப்பு. இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீராய்டு சந்தேகம் மட்டும்தான் விதிவிலக்கு, அதை மேலே சொல்லியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதனால்தான் கடைசிப் பக்கப் பட்டியல் தேவைப்படுகிறது. மூச்சுத் திணறினாலோ ஆள் மயங்கினாலோ 999. தெரியாமல் அதிகம் விழுங்கிவிட்டால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம்: 1-800-88-8099.

லேசான தொல்லை என்றால் நிறுத்திவிட்டு, எத்தனை நாளில் போகிறது என்று எழுதுங்கள். நிறுத்தியதும் அடங்கியது என்பது நல்ல தடயம். "உண்மையா என்று பார்ப்போம்" என்று மறுபடி குடித்துச் சோதிக்காதீர்கள். கல்லீரலும் ஒவ்வாமையும் இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் கடுமையாக வரலாம். அதிமதுரத்தின் விளைவு நிறுத்திய மறுநாளே போகாது. பெரியம்மாவின் அழுத்தம் பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது.

மருந்து மேல் பழி போடுமுன்

தோட்டப் பக்கத்தில் வேறு சில வியாதிகளும் இதே வேஷத்தில் வரும். காய்ச்சலோடு கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி என்றால் டெங்கியின் எச்சரிக்கை அடையாளம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் மஞ்சளும் சேர்ந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, எலி பிடிக்கவே ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். காட்டுக்குள் வேலை செய்கிறவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். "வாயு" என்று தடவிக்கொண்டிருந்த நெஞ்சு வலி மாரடைப்பாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மாதக்கணக்கில் எரிச்சல் இருந்தால் ஹெலிகோபாக்டர் கிருமியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள், 2005-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகம். கசாயம் எரிச்சலை அடக்கி வைக்கலாம், கிருமி அப்படியே இருக்கும். காரணமில்லாமல் எடை இறங்கினால், விழுங்கச் சிரமமாக இருந்தால், கசாயத்தோடு காலம் தள்ளாதீர்கள்.

படி 6: கிளினிக்கில் சொல்வது

திட்டுவார்கள் என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். சில இடங்களில் திட்டத்தான் செய்கிறார்கள், என்னையும் திட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். மலாயில் நாட்டு மருந்தைக் குறிக்கும் "உபாட் கம்போங்" என்ற இரண்டு வார்த்தை போதும், நோட்டையும் உறையையும் மேசையில் வைத்துவிடுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் மருந்து வாங்கும் கவுண்டரில் பார்மசிஸ்ட்டிடம் காட்டுங்கள், அவருக்கு இதில் அக்கறை கூட. நான்கு வாரத்துக்கு மேல் எடுப்பதாக இருந்தால் கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம் மூன்றுக்கும் ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). உலோகப் பொடி சாப்பிட்டிருந்தால் ஈயத்துக்குத் தனியாகச் சோதிக்கவேண்டும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது.

படி 7: புகார் அல்ல, அறிக்கை

பக்க விளைவை டாக்டர்தான் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றில்லை. பொதுமக்களுக்கென்றே கான்செர்ஃப் (ConSERF) என்ற படிவம் என்பிஆர்ஏ இணையத்தளத்தில் இருக்கிறது. நான்கு விஷயம் இருந்தால் போதும்: பாதிக்கப்பட்டவர் யார், என்ன ஆனது, எந்த மருந்து, சொல்பவர் யார். பதிவு எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, கூட எடுத்த மாத்திரைகள் எல்லாம் சேர்த்தால் இன்னும் நல்லது. நோட்டு இருந்தால் பத்து நிமிட வேலை. இந்த மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். உறுதியா, இருக்கலாமா, இருக்காதா என்று தரம் பிரிப்பது அங்குள்ளவர்களின் வேலை.

மலேசியா 1990-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் 30-வது நாடாகச் சேர்ந்தது. இங்கிருந்து போகும் அறிக்கைகள் சுவீடனில் உப்சாலா நகரத்தில் உள்ள மையத்தில் மற்ற நாட்டு அறிக்கைகளோடு சேர்கின்றன. சுங்கை சிப்புட்டில் ஒருவருக்கு வந்த அரிப்பு தனியாக ஒன்றும் சொல்லாது. அதே தொகுதி எண்ணில் கூலிமிலும் கிள்ளானிலும் இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தால் மருந்தை எடுத்துச் சோதிப்பார்கள்.

அதனால் மீதியைக் கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். உறையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, "சாப்பிடக்கூடாது" என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த அதிமதுரக் கட்டை இன்னும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. "காசு கொடுத்து வாங்கினதுடா" என்று பெரியம்மா அவ்வப்போது அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்.